குறைந்த செலவில் 5.1 சரவுண்ட் சவுண்ட்: வாங்குவதிலிருந்து அளந்து சரிசெய்வது வரை முழுமையான வழிகாட்டி

பட்ஜெட்டில் ஹோம் தியேட்டர் என்றதும் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது, ஆறு ஸ்பீக்கரும் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் செட் மீதுதான். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும். வீட்டுக்கு வந்து மாட்டினால் வெடிச்சத்தம் அதிரும், பின்னால் ஏதோ கீச்சுக்கீச்சென்று கேட்கும், பேசுவது மட்டும் காதில் விழாது. வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்ததும் பதறிக் குறைப்பதுமாக ரிமோட் கையை விட்டு இறங்காது.

காரணம் எளிது. 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. இடது, வலது முன் ஸ்பீக்கர்கள் இசையையும் திரையில் நடக்கும் ஓசைகளையும் சுமக்கின்றன. பின்னால் உள்ள இரண்டும் பாதி நேரம் மழை, காற்று, கூட்டத்தின் இரைச்சல் என்று சூழலை நிரப்புவதோடு சரி. '.1' என்பது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்கான தனித் தடம்; அதை வாசிக்கும் பேஸ் பெட்டிதான் சப்வூஃபர். ஆறு பேருக்கும் வேலை சமமில்லை. மலிவு செட்டிலோ ஆறுக்கும் காசைச் சமமாகப் பிய்த்துப் போட்டிருப்பார்கள்.

ஆகவே காசை முன்பக்கம் குவியுங்கள். பின்பக்கத்தைக் கையில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றலாம். மிச்ச வேலையை அளவு டேப் பார்த்துக்கொள்ளும்.

எதற்கு எவ்வளவு, எது முதலில்

கையில் இருப்பதை 100 பங்காக வைத்துக்கொண்டால், ஒலித்தடங்களைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் செகண்ட் ஹேண்ட் ரிசீவருக்கு 30, முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கும் 40, சப்வூஃபருக்கு 20, பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஒயருக்கும் சேர்த்து 10. சல்லிக்காசு பிசகாத கணக்கு அல்ல இது. ஆனால் பின் ஸ்பீக்கருக்கு 10 பங்குக்கு மேல் ஒதுக்கத் தோன்றினால், அந்தக் காசை நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ரிசீவரும், அலமாரியில் வைக்கும் அளவுள்ள இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும். அடுத்து நடு ஸ்பீக்கர், பிறகு சப்வூஃபர், கடைசியில் பின் இரண்டு. இடையில் எது இல்லையோ அதை ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவில் 'நன்' (None, அதாவது இல்லை) என்று குறித்துவிட்டால், அந்தத் தடத்தின் ஒலியை இருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடும். நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொன்னால் வசனம் இடமும் வலமும் சரிபாதியாகப் போய், நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும். தனியாகப் படம் பார்ப்பவர் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. சோஃபாவின் ஓரத்தில் ஒருவர் உட்காரும்போதுதான் வசனம் அவர் பக்கம் சாயும். அங்கேதான் நடு ஸ்பீக்கருக்குத் தேவை வருகிறது.

முன் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்கட்டும். திரையின் இடமிருந்து வலமாகக் கார் ஓடும்போது நடுவில் மட்டும் குரல் மாறிப்போகாமல் இருக்க இதுதான் வழி. அந்த வரிசையில் நடு ஸ்பீக்கர் கிடைக்கவில்லையா? அதே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் இரண்டு ஜோடி வாங்கினால் மூன்று முன்னால் போகும், ஒன்று கையிருப்பு. படுத்த வாக்கில் இருக்கும் நடு ஸ்பீக்கரைவிட, நிமிர்த்தி வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் சீராகக் கேட்கும் என்பது கூடுதல் லாபம். டிவிக்குக் கீழே அது நிற்க உயரம் இருந்தால் போதும்.

பின் ஸ்பீக்கருக்கு பழைய மியூசிக் சிஸ்டத்திலிருந்து கழற்றிய ஜோடியே போதும், ஆனால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஓம் எண்ணைப் பாருங்கள். 6 அல்லது 8 ஓம் என்றால் கவலையில்லை. மலிவு செட்டுகளின் ஸ்பீக்கரில் 3 அல்லது 4 ஓம் இருக்கும். அதைச் சாதாரண ரிசீவரில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால் சூடேறிப் படக்கென்று அணைந்துவிடும்.

பழைய ரிசீவர் ஏன் போதும்

5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான டால்பி டிஜிட்டல் 1992-லும், டிடிஎஸ் 1993-லும் தியேட்டருக்கு வந்தவை. பத்து, பன்னிரண்டு வருடப் பழைய ரிசீவரும் இவற்றைப் புதியது போலவே பிரித்துக் கொடுக்கும். பழசின் விலை சரிவதற்குக் காரணம் ஒலி அல்ல. 4கே படத்தைத் தன் வழியாக முழுதாகக் கடத்தப் பலவற்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது: எல்லாச் சாதனங்களையும் நேராக டிவியில் மாட்டிவிட்டு, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். படம் ரிசீவரைத் தொடுவதே இல்லை.

டிவியிலிருந்து ஒலி வர இரண்டு பாதை. ஒன்று எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்தது. ரிசீவர் அதற்குப் பிந்தையதாக இருந்து, அதன் எச்டிஎம்ஐ அவுட் துளையருகில் ஏஆர்சி என்று எழுதியிருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஆப்டிக்கல் கேபிள். இதில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 போகும். ஸ்ட்ரீமிங் ஆப்கள் அதிகம் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, அதை டிவியே சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். பெரும்பாலான டிவிகள் மாற்றித் தரும். ஆனால் சில டிவிகள் தம்மில் மாட்டிய வெளிச் சாதனத்தின் 5.1-ஐ ஆப்டிக்கலில் வெறும் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும். ரிசீவர் வாங்கப் போகும் முன் உங்கள் டிவியின் மேனுவலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

பழையதைக் கையோடு தூக்கி வரும் முன், விற்பவரின் இடத்திலேயே இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு மல்டிமீட்டர், ஒரு போன், போனிலிருந்து ஆர்சிஏ கேபிள் ஆகியவை கையில் இருக்கட்டும்.

1. பவர் போட்டதும் சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) சத்தம் வர வேண்டும். வராவிட்டாலோ, 'புரொடெக்ட்' (கோளாறு கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட நிலை) என்று காட்டினாலோ திரும்பி வந்துவிடுங்கள். 'ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கு' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

2. ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல், மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் முனை ஜோடியிலும் அளக்கவும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் அந்தச் சேனலின் அவுட்புட் பகுதியில் கோளாறு, ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும்.

3. மெனுவில் 'டெஸ்ட் டோன்' போட்டு, கையில் உள்ள ஒரே ஸ்பீக்கரை ஐந்து சேனலுக்கும் மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள். ஒரு சேனல் மங்கலாகவோ, விட்டுவிட்டோ வந்தால் ரிலே தேய்ந்திருக்கிறது.

4. வால்யூம் குமிழை மெதுவாக, பிறகு வேகமாகத் திருப்புங்கள். எண் முன்னும் பின்னும் தாவினால் குமிழ் பழசு; ரிமோட்டில் சமாளிக்கலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

5. அரை மணி நேரம் ஓடவிட்டு மேல் துவாரத்தில் முகர்ந்து பாருங்கள். சூடு இயல்பு, கருகல் வாடை இயல்பல்ல.

6. ரிமோட்டும், ஸ்பீக்கர்களின் ஒலியை ரிசீவர் தானே அளந்து சரிசெய்ய உதவும் மைக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். மைக் மாடலுக்கு மாடல் வேறுபடும். வேறொன்றின் மைக்கைச் செருகினால் தப்பான கணக்கே வரும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) கூம்பின் ஓரத்தில் உள்ள வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொடவும். ஃபோம் வளையமாக இருந்து பழசானதென்றால் விரலில் கரும்பொடியாக ஒட்டும், அமுக்கினால் அப்பளம்போல் உடையும். ரப்பர் வளையம் இந்த வம்பு இல்லாமல் பல வருடம் நிற்கும்.

வாட்ஸ் மயக்கம்

பெட்டியில் 'பிஎம்பிஓ' என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள், அதை அளப்பதற்கு ஒரு பொது விதியே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணையும் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணையும் பாருங்கள். 88 டெசிபெல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளிக் கேட்டால் 88 டெசிபெல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சுவர்களில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து, சுமார் 80. இயல்பான பேச்சு 60 சொச்சம்தான். ஆக ஒரே ஒரு வாட்டில் வீடு நிறையக் கேட்கிறது. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். 16 வாட்டில் 92, 32 வாட்டில் 95. 50 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் அந்த 3 டெசிபெல்தான். அதே 3 டெசிபெல், 85-க்குப் பதில் 88 சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் எடுத்தாலும் கிடைத்துவிடும்.

ரிசீவரே வாங்க முடியாவிட்டால்

கம்ப்யூட்டரில்தான் படம் பார்க்கிறீர்கள் என்றால், மதர்போர்டின் பின்னால் ஆடியோ துளைகளைப் பாருங்கள். பச்சை முன் இரண்டுக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும், கறுப்பு பின் இரண்டுக்கு. மூன்று ஆடியோ பிளக் உள்ள 5.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட்டை நேராக மாட்டி, சவுண்ட் செட்டிங்கில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் உண்மையான ஆறு தடமும் தனித்தனியே வரும். ஆப்டிக்கல் உள்ளே, ஆறு ஆர்சிஏ வெளியே என்று விற்கும் டிகோடர் டப்பாக்களில் உஷார்: சில, உள்ளே வருவதை ஸ்டீரியோவாக்கி ஆறு துளையிலும் நகல் எடுத்து ஊற்றுகின்றன. ஒவ்வொரு சேனலையும் பெயர் சொல்லி ஒலிக்கும் 5.1 சோதனைக் கோப்பை ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெறும் ஸ்டீரியோ ஆம்ப் மட்டும் இருப்பவர்களுக்கு 1970-களின் ஒரு பழைய வித்தை உண்டு. டேவிட் ஹாஃப்ளர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரில் வழங்கும் இணைப்பு. முன் ஸ்பீக்கர்களை வழக்கம்போல் மாட்டுங்கள். இடது சேனலின் பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் பின்-இடது ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கு. அதன் மைனஸை பின்-வலது ஸ்பீக்கரின் மைனஸோடு சேருங்கள். பின்-வலதின் பிளஸ்ஸிலிருந்து ஆம்பின் வலது பிளஸ்ஸுக்கு. இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி, அதாவது வசனம், பின்னால் தானே அழிந்துபோகும். இரண்டுக்கும் வித்தியாசமான எதிரொலியும் கைதட்டலும் சூழலும் மட்டும் பின்னால் எட்டிப் பார்க்கும். செலவு வெறும் ஒயர்.

இதை எல்லா ஆம்பிலும் செய்யக் கூடாது. ஆம்பை அணைத்து, இரண்டு சேனல்களின் மைனஸ் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் அளவிடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தால் மைனஸ் பொது, செய்யலாம். வராவிட்டால் அது பிரிட்ஜ் வகை. இன்றைய சின்னஞ்சிறு டிஜிட்டல் ஆம்ப்களில் பல அப்படித்தான், அதில் கை வைக்க வேண்டாம். பின் ஸ்பீக்கர்கள் 8 ஓமாக இருக்கட்டும்.

ஒயர்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் வேண்டாம். இரண்டு கோர் கொண்ட செம்பு ஒயர், ஒன்றில் கோடு போட்டிருந்தால் போதும். ஒயரின் மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் நின்றால் காதுக்குத் தெரியாது. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 10 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 20 மீட்டருக்கு 0.23 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 3 சதவீதம்கூட இல்லை. முன் ஸ்பீக்கருக்கு 5 மீட்டருக்குள் என்றால் 0.75 போதும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் ஒரு படி தடித்ததை எடுங்கள். 4க்கு 5 மீட்டர் அறைக்கு முன்னால் 3, 3, 2 மீட்டர், பின்னால் சுவரோரமாகச் சுற்றிவர 10, 10 மீட்டர் என்று 28 ஆகும். 32 வாங்கினால் மூச்சு முட்டாது.

மலிவு ஒயரில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய. கத்தியால் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாகப் பளபளத்தால் அதுதான். மின்தடை ஒன்றரை மடங்கு. நாலு தடவை மடக்கினால் ஒடியும்.

மாட்டும்போது ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ஒயர் நுனியில் 10 முதல் 12 மி.மீ. உறையை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கி, முனையின் துளையில் முழுதாக உள்ளே விட்டுத் திருகவும். வெளியே தப்பி நிற்கும் ஒரே ஒரு முடி இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ரிசீவர் புரொடெக்டுக்குப் போகும். பாதுகாப்புச் சுற்று சரியில்லாத ஆம்பாக இருந்தால் அதன் ஆயுள் அங்கேயே முடிந்தது. கோடு போட்டதை எல்லா ஸ்பீக்கரிலும் பிளஸ்ஸுக்கே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரில் எது பிளஸ் என்று அழிந்துபோயிருந்தால், 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் நுனிகளில் ஒரு நொடி தொட்டு எடுக்கவும். வூஃபர் கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

பின் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளூடூத் ஒலி நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தாமதமாக வரும். முன்னால் கதவு சாத்தியபின் பின்னால் இன்னொரு கதவு சாத்தும்.

எங்கே வைப்பது

காசில்லாமல் தரம் கூடும் இடம் இது. பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

நீங்கள் உட்காரும் இடத்தில் காது இருக்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் இடது, முன் வலது, உங்கள் தலை, மூன்றும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி. டிவி சுவரிலிருந்து காது 2.6 மீட்டர் என்றால் முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடைவெளி 3 மீட்டர். அவ்வளவு அகலம் இல்லையென்றால் 2.1 மீட்டர் வரை குறைக்கலாம். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்னக் கூம்பு) உட்கார்ந்த காதின் உயரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கட்டும். ஒரு நூலை முன் ஸ்பீக்கரிலிருந்து தலையின் நடுப்புள்ளிக்கு, மறு ஸ்பீக்கரிலிருந்து அதே புள்ளிக்கு இழுத்துப் பாருங்கள், 5 செ.மீ. வித்தியாசம்கூட நடுவில் கேட்க வேண்டிய குரலை ஒரு பக்கம் தள்ளிவிடும்.

நடு ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் உள்ளே குகைக்குள் தள்ளாதீர்கள். அதன் முகம் பலகையின் விளிம்போடு சமமாக அல்லது ஒரு விரலளவு வெளியே நிற்கட்டும். உள்ளே தள்ளினால் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி குரலை மூக்கடைத்ததுபோல் ஆக்கும். தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தின் கீழ் ரப்பர் துண்டு வைத்துக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

பின் ஸ்பீக்கர் என்று பெயர்தானே தவிர, 5.1-ல் அது நேர் பின்னால் நிற்பதில்லை. பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரியில். காதுக்கு நேர் பக்கத்தில் 1.5 மீட்டர் போய், அங்கிருந்து 55 செ.மீ. பின்னால் போனால் அந்த இடம். காதைவிட ஒரு சாண், இரண்டு சாண் மேலே இருக்கலாம். சோஃபா பின்சுவரோடு ஒட்டி இருக்கிறதா? பக்கச் சுவர்களில் காதுக்கு நேராக, அரை மீட்டர் உயர்த்தி மாட்டுங்கள். முடிந்தால் சோஃபாவைச் சுவரிலிருந்து 40 செ.மீ.யாவது முன்னால் இழுங்கள். சுவரோரத்தில் பேஸ் வீங்கிக் கேட்கும்.

அறையின் சரிபாதி நீளத்திலும் உட்கார வேண்டாம். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை நிற்கும். சுவரோரம் அது இடிபோல் இருக்கும், நட்டநடுவில் காணாமலே போகும்.

சப்வூஃபரை உட்காரவைத்து நீங்கள் தவழுங்கள்

கேலி இல்லை, உண்மையான வழி. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் நோட்டு நோட்டாக ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கத் தோதான சுவரோரங்களில் காதைத் தரையருகே வைத்துக்கொண்டு தவழ்ந்து வாருங்கள். சில இடத்தில் ஒரே நோட்டு மட்டும் 'பூம்' என்று முட்டும், சில இடத்தில் பேஸே இருக்காது. எல்லா நோட்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். சப்வூஃபரின் இடம் அதுதான். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், சீர் குறைவு.

பின்னால் குழல் துளை உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சுவரருகே நின்று முழங்கினால், அந்தத் துளையில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். சப்வூஃபர் இருக்கும்போது அந்த முழக்கம் எப்படியும் தேவையில்லை.

அளந்து சரிசெய்தல்

சப்வூஃபரின் வால்யூம் குமிழ் பாதியில், அதன் கிராஸோவர் குமிழ் முழு அளவில். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் இந்தக் கிராஸோவர் வேலையை ரிசீவர் பார்க்கும். இரண்டு பேரும் பார்த்தால் நடுவில் பள்ளம் விழும். ஃபேன், ஏசி, எல்லாம் அணைத்து, மைக்கைக் காது உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்துங்கள். கையில் பிடிக்கவும் வேண்டாம், சோஃபா மெத்தையில் வைக்கவும் வேண்டாம். தானியங்கி அளவீட்டை ஓடவிடுங்கள்.

முடிந்ததும் அதை அப்படியே நம்பாமல் மெனுவைத் திறங்கள். சின்ன ஸ்பீக்கரை அது 'லார்ஜ்' என்று எழுதியிருந்தால் 'ஸ்மால்' ஆக்குங்கள்; இது ஸ்பீக்கரின் உடம்பைச் சொல்லும் சொல் அல்ல, பேஸை சப்வூஃபருக்கு அனுப்பு என்று சொல்லும் கட்டளை. கிராஸோவர், 5 அங்குல வூஃபருக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ். 3 அங்குலக் குட்டி ஸ்பீக்கருக்கு 120 முதல் 150. சப்வூஃபர் லெவல் மைனஸ் 12-ல் முட்டி நின்றால் குமிழ் அதிகம் என்று பொருள், குறைத்து மறுபடி ஓடவிடுங்கள். சப்வூஃபரின் தூரம் டேப் அளவைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடக் காட்டினால் மாற்றாதீர்கள்; அதற்குள்ளே இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

மைக் இல்லையென்றால் கையால். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் காதுக்கு டேப்பில் அளந்து தூரத்தை மெனுவில் போடவும். ஒலி 1 மில்லிநொடியில் சுமார் 34 செ.மீ. போகும், அந்தக் கணக்கில் ரிசீவர் கிட்டே உள்ளதைத் தாமதிக்கும். பிறகு டெஸ்ட் டோன் போட்டு, போனில் ஒலி அளக்கும் ஆப்பை 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ'வில் வைத்து, காது இருக்கும் இடத்தில் பிடித்து, ஐந்து ஸ்பீக்கரும் 75 டெசிபெல் காட்டும்படி லெவலைக் கூட்டிக் குறையுங்கள். போனின் எண் உண்மையிலிருந்து விலகியிருக்கலாம். ஐந்தும் சமமாக இருப்பதே நமக்கு வேண்டியது. சப்வூஃபருக்கு மட்டும் போனை நம்பாதீர்கள், பல போன்களின் மைக் கீழ் அதிர்வெண்ணை வெட்டிவிடும். 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி, எதில் உட்காரும் இடத்தில் பலமாகக் கேட்கிறதோ அதை வைத்துவிட்டு, லெவலைக் காதால் ஓட்டிக்கொள்ளுங்கள். ஆண்குரல் பேசும்போது சப்வூஃபர் இருக்கும் இடம் தெரிந்தால் அது அதிகம்.

டிவி செட்டிங்

எல்லாம் மாட்டியும் பின்னால் சத்தமே இல்லை என்ற புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. கேபிளின் ஒரு நுனி டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில், மறுநுனி ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டில் இருக்க வேண்டும். ரிசீவரின் இன்புட்டில் செருகினால் வராது. இரண்டிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே சாதனங்கள் ஒன்றையொன்று இயக்கும் அமைப்பு) ஆன். டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை 'பிசிஎம்'-லிருந்து 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். ஆப்பில் 5.1 ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ரிசீவரின் முகப்பில் டால்பி என்று எழுத்து வர வேண்டும். 'பிசிஎம்' என்றே நின்றால் இன்னும் ஸ்டீரியோதான் வருகிறது.

ஸ்டீரியோவில் மட்டுமே உள்ள பழைய படங்களுக்கு ரிசீவரில் 'புரோ லாஜிக் 2' அல்லது 'டால்பி சரவுண்ட்' வையுங்கள். 'ஆல் சேனல் ஸ்டீரியோ'வை அழுத்தினால் எல்லா ஸ்பீக்கரும் ஒரே பாட்டைப் பாடும். கடைக்காரர்கள் டெமோ காட்டும்போது அழுத்துவது அதைத்தான்.

இன்னும் சரியாகவில்லை என்றால்

பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் தலையைச் சுற்றி மிதந்தால் முன் ஸ்பீக்கரில் ஒன்று பிளஸ் மைனஸ் மாறி மாட்டியிருக்கிறது.

வசனம் இன்னும் அமுங்கினால் நடு ஸ்பீக்கரை 2, 3 டெசிபெல் கூட்டுங்கள். இரவில் அக்கம்பக்கத்துக்காகக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்கள் 'நைட் மோட்' அல்லது டைனமிக் ரேஞ்ச் அமைப்பைப் போடலாம். வெடியைத் தாழ்த்திப் பேச்சைத் தூக்கும். அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தகரத்தில் அடித்ததுபோல் படபடவென்று திரும்பி வந்தால் குற்றவாளி வெற்றுச் சுவர். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் கனமான திரைச்சீலை, தரையில் தடித்த விரிப்பு, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை கைகொடுக்கும். முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை.

உதட்டசைவுக்கு முன்னால் குரல் வந்தால் ரிசீவரின் 'லிப் சிங்க்' தாமதத்தை 20 மில்லிநொடி வீதம் கூட்டுங்கள். குரல் பின்னால் வந்தால் ரிசீவரில் அந்தத் தாமதத்தைப் பூஜ்யமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. டிவியின் ஆடியோ டிலே அமைப்பைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்.

சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று இடைவிடாத உறுமல் இருந்தால், கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரை ஒரு நிமிடம் கழற்றுங்கள். உறுமல் நின்றால் எர்த் வளையம். அந்த ஒயரில் ஒரு ஐசோலேட்டர் மாட்டினால் தீரும், ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டினாலும் பல நேரம் அடங்கும். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றுவதோ, டேப் சுற்றி மறைப்பதோ மட்டும் வேண்டவே வேண்டாம், அது உயிரோடு விளையாட்டு.

சத்தம் கூடும் காட்சியில் மட்டும் ரிசீவர் அணைந்தால் மேலே மூடியிருக்கும் துணியையும் செட்டாப் பாக்ஸையும் எடுத்துவிட்டு 10 செ.மீ. மூச்சுவிட இடம் கொடுங்கள். அப்போதும் அணைந்தால் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் அணைகிறதோ, அதன் இரு முனையிலும் ஒயரை உருவி, புதிதாக உரித்து, முறுக்கி மாட்டவும்.